அட்மினிஸ்ட்ரேட்டர் யார்?

கயிற்றைக் குழந்தைவேலு விட்டானா இல்லையா என்பதுதான் விசாரணையின் ஒரே கேள்வி. அதற்கான விடை ஒரு பென்டிரைவில் இருந்தது. பென்டிரைவ் அரக்கு வைத்த உறைக்குள் இருந்தது. விசாரணை அதிகாரி முத்துகிருஷ்ணன் அரக்கை உடைத்து, பென்டிரைவைக் கணினியில் செருகி, உள்ளே இருந்த வீடியோவின் மேல் இரண்டு முறை தட்டினார். படம் வரவில்லை. ஒரு சிறு பெட்டிதான் வந்தது. இந்த வீடியோவை ஓட்டத் தேவையான மென்பொருள் இந்தக் கணினியில் இல்லை, நிறுவலாமா என்று அது பணிவாகக் கேட்டது. கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள்.

முத்துகிருஷ்ணன் சூடான தோசைக்கல்லைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"நான் எதையும் அமுக்கலை. எல்லாரும் பாத்துக்கிட்டுதான இருந்தீங்க" என்றார்.

எல்லோரும் என்பது குழந்தைவேலுவும், சுருக்கெழுத்து எழுதும் சுகுணாவும், உள்ளே வர அனுமதி இல்லாததால் கதவோரம் நின்றிருந்த குழந்தைவேலுவின் மனைவி உதயாவும். மூவரும் ஆமென்று தலையாட்டினார்கள். அதிகாரி எதையும் அமுக்கவில்லை என்று சுகுணா பதிவுசெய்தார். அன்றைய அமர்வு அத்துடன் முடிந்தது.

குழந்தைவேலு அந்தமானின் லாங் ஐலண்ட் ஜெட்டியில் லஸ்கர். படகு அணையும்போது வீசப்படும் கயிற்றைப் பிடித்து, ஜெட்டி விளிம்பில் உள்ள இரும்புக் கட்டையில் சுற்றி, ஆட்கள் ஏறி இறங்கும்வரை இழுத்துப் பிடித்திருப்பது அவன் வேலை. அவன் அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குக் குடியமர்த்தப்பட்டவர். மகன் ரப்பரை விட்டுக் கடலுக்கு வந்தான். வந்ததிலிருந்து அவன்மேல் ஒரு புகாரும் கிடையாது.

மழைக்காலத்தில் ஒரு காலை, ரங்கத் போகும் படகில் ஏறும்போது ஒரு வயதான பெங்காலி வியாபாரி படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவே விழுந்துவிட்டார். கால் முறிந்தது, உயிர் தப்பியது. மழையிலும் கூச்சலிலும் அவரை யார் மேலே தூக்கியது என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அவருக்கே நினைவில்லை; மெயின்லேண்டில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். குழந்தைவேலு மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது, ஜெட்டி மேற்பார்வையாளர் பழனிசாமியின் அறிக்கை தயாராக இருந்தது. தம் அறை ஜன்னலிலிருந்து பார்த்ததாகவும், லஸ்கர் கயிற்றை விட்டதை இரண்டு கண்ணாலும் கண்டதாகவும், அதனால் படகு விலகியதாகவும், அதனால் பயணி விழுந்ததாகவும் அவர் எழுதியிருந்தார். குழந்தைவேலு சஸ்பெண்ட் ஆனான். விசாரணை முடியும்வரை போர்ட் பிளேரை விட்டு நகரக்கூடாது என்று உத்தரவு. புருஷனும் பெண்டாட்டியும் டாலிகஞ்ச்சில் உதயாவின் அக்கா சொர்ணம்மா வீட்டில் வந்து ஒண்டிக்கொண்டார்கள்.

உதயாவுக்குச் சந்தேகமே இல்லை. மீன் விற்பவளிடம், ஆட்டோக்காரரிடம், கோவில் பூசாரியிடம், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னாள். எங்க வீட்டுக்காரரு செத்தாலும் கயித்த விடமாட்டாருங்க. ஜெட்டிக் கம்பத்தில் கேமரா இருப்பதைக் கண்டுபிடித்ததும் அவள்தான். அந்த வீடியோவை விசாரணையில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று மனு எழுத வைத்து, கையெழுத்துப் போட வைத்ததும் அவள்தான்.

கையெழுத்துப் போட்ட குழந்தைவேலுவுக்கு மட்டும் அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. மழை நினைவிருந்தது. வியாபாரியின் கறுப்புக் குடை நினைவிருந்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி மின்விசிறிதான். நடுவில் ஒன்றுமில்லை. ஆனால் அவனுடைய உள்ளங்கையில் கயிறு உருவிக்கொண்டு ஓடிய காயம் இருந்தது. இறுக்கிப் பிடித்த கயிறு உருவாது. இது அவனுக்கு நன்றாகத் தெரியும். காயம் ஆறும்வரை கையை மடக்கியே வைத்திருந்தான். உதயா கேட்டபோது கட்டைச் சிராய்ப்பு என்றான்.

ஆகவே, திரையில் படம் வராமல் பெட்டி வந்த அன்று, நெஞ்சில் ஏறியிருந்த பாரம் இறங்கியது போல அவனுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

*

தீவிடைப் படகுப் பயண இயக்ககம் முந்தைய ஆண்டுதான் விலை கொடுத்து வாங்கிய மென்பொருள்களைக் கைவிட்டுத் திறமூல மென்பொருளுக்கு மாறியிருந்தது. அதற்கு ஒரு விழாவும் நடந்தது. டைரக்டர் இந்தியில் ஆற்றிய உரை அலுவலகச் சுவரில் இன்னும் சட்டமிட்டுத் தொங்குகிறது. "இதன் உள்ளே என்ன இருக்கிறது என்று உலகில் எவரும் திறந்து பார்க்கலாம். எவரும் மாற்றலாம். இது யாருடைய சொத்தும் அல்ல, எல்லோருடைய சொத்தும்தான். ஆகவே நம் அலுவலகத்தில் இதில் ஒருவரும் கை வைக்கக்கூடாது." பலத்த கைத்தட்டல். அன்றிலிருந்து அங்கே கணினியில் கடிதம் அடிப்பார்கள், அச்செடுப்பார்கள், சாயங்காலம் துணி போட்டு மூடுவார்கள்.

அடுத்த அமர்வில் உதயா கதவோரத்திலிருந்து தன் செல்போனை நீட்டினாள். இதில் எல்லா வீடியோவும் ஓடுதுங்க, இதிலேயே போட்டுப் பாத்துடலாமே என்றாள்.

முத்துகிருஷ்ணன் கோபப்படவில்லை. அவர் மதுரைப் பக்கத்துக்காரர். தீவுக்கு வந்து தலை நரைத்தவர். பொறுமையாக விளக்கினார்.

"இங்க பாரும்மா. போன்ல பாத்தா அது வேடிக்கை. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பாத்தாத்தான் சாட்சியம். நீ சொல்றபடி நான் போன்ல பாத்துட்டேன்னு வையி, நாளைக்கு நான் பாத்தது எனக்கே செல்லாது."

கணினிப் பிரிவிலிருந்து தொழில்நுட்ப உதவியாளர் வைஜெயந்தி வரவழைக்கப்பட்டார். அவர் பெட்டியைப் பார்த்தார். சின்ன வேலைதான் சார், இணையத்திலிருந்து இறங்கிவிடும், ஒரு டீ குடிப்பதற்குள் முடிந்துவிடும் என்றார். சொல்லிக்கொண்டே 'ஆம்' பொத்தானை அமுக்கிவிட்டார். முத்துகிருஷ்ணன் கண்ணை மூடிக்கொண்டார். குழந்தைவேலு நாற்காலியின் விளிம்பைப் பற்றிக்கொண்டான்.

இன்னொரு பெட்டி வந்தது. அட்மினிஸ்ட்ரேட்டரின் கடவுச்சொல்லைத் தருக என்றது.

வைஜெயந்தியின் விரல்கள் விசைப்பலகைக்குப் போயின. அந்தக் கடவுச்சொல்லை வைத்தவரே அவர்தான். அவர் முதல் எழுத்தை அடிப்பதற்குள் முத்துகிருஷ்ணன் அவரைத் தடுத்துவிட்டார். திரையில் இருந்த சொல்லைச் சுகுணாவிடம் காட்டி, உரக்கப் படிக்கச் சொன்னார். சுகுணா படித்தார். தீவுகளில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற சொல்லுக்குத் தனி கனம் உண்டு. அது மிக உயரத்தில், கொடி பறக்கும் கட்டடத்தில் இருக்கும் பதவி. இரண்டாம் நிலைத் தொழில்நுட்ப உதவியாளர் ஒருவர் அந்தப் பெயரில் ஒரு பெட்டியை நிரப்பலாமா என்பது முத்துகிருஷ்ணன் தனியாகத் தீர்மானிக்கக்கூடிய விஷயம் அல்ல.

கோப்பு மாடிக்குப் போனது. டைரக்டர் வைஜெயந்தியை அழைத்து விசாரித்தார். இது கணினியில் வழக்கமாக வரும் சொல், இதற்கும் பதவிக்கும் சம்பந்தமில்லை என்று வைஜெயந்தி எவ்வளவோ சொன்னார். டைரக்டர் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "மேடம், நான் இந்தத் துறையின் டைரக்டர். நானே என்னை அட்மினிஸ்ட்ரேட்டர் என்று சொல்லிக்கொண்டதில்லை. ஒரு விசைப்பலகை உங்களை அப்படி அழைக்கிறது, நீங்களும் பதில் சொல்லப் போகிறீர்கள். இதற்கு ஆள்மாறாட்டம் என்று பெயர்."

நம் இயக்ககத்தில் அட்மினிஸ்ட்ரேட்டர் யார் என்று தெளிவுபடுத்தக் கோரி தலைமைச் செயலகத்துக்குக் குறிப்பு போனது. தெளிவு வரும்வரை விசாரணை நிறுத்திவைக்கப்பட்டது. மழை நின்று, வெயில் அடித்து, மறுபடி மழை பிடித்தது. சஸ்பென்ஷன் சம்பளத்தில் அக்கா வீட்டில் சாப்பிடுவது குழந்தைவேலுவுக்குத் தொண்டையில் நின்றது. லாங் ஐலண்டில் அவர்கள் இருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. உதயா வாரம் தவறாமல் இயக்ககத்துக்குப் போய், "தெளிவு வந்துடுச்சுங்களா?" என்று கேட்டாள். வாசல் காவலாளி, "பாத் மே ஆவ், தீதி" என்று, அப்புறம் வரச்சொல்லித் திருப்பி அனுப்பினான். அவள் ஒவ்வொரு முறை வெறுங்கையோடு திரும்பும்போதும் குழந்தைவேலு அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து ஆறுதல் சொன்னான். அப்போது அவள் முகத்தைப் பார்க்கமாட்டான். அது வருத்தத்தால் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

*

தெளிவு வருவதற்குள் கொள்முதல் பிரிவு விழித்துக்கொண்டது. இயக்ககத்துக்குள் ஒரு பொருள் தங்களைத் தாண்டி வரப்போகிறது என்று தலைமை எழுத்தர் ஜெகநாதனுக்குத் தகவல் எட்டியிருந்தது. அவர் குழந்தைவேலுவையும் உதயாவையும் கூப்பிட்டனுப்பினார். அந்த மென்பொருளைக் கேட்டது இவர்கள்தான் என்பதால் விளக்கம் சொல்ல வேண்டியவர்களும் இவர்கள்தான்.

"இது என்ன விலை?" என்று கேட்டார்.

இலவசம் என்று கம்ப்யூட்டர் மேடம் சொன்னதாக உதயா சொன்னாள்.

ஜெகநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அங்கதான் சிக்கலே. விலை இருந்தா மூணு கொட்டேஷன் வாங்கி, குறைஞ்சதை எடுத்துக்கலாம். விலை இல்லாத பொருளை வாங்க விதி இல்லை. வாங்காத பொருளை ஆபீஸ்ல வெச்சிக்கவும் விதி இல்லை. சும்மா குடுத்தாங்க, வாங்கிட்டோம்னா அதுக்கு வேற பேரு. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் யார்கிட்டயும் சும்மா ஒண்ணும் வாங்கினதில்லை. வாங்கினா அதுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்."

கடைசி வாக்கியத்தை அவர் சொல்ல நினைக்கவில்லை போலும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்துவிட்டார்.

இலவசமாக வருவது அன்பளிப்பு. அன்பளிப்பு தருபவரின் நோக்கத்தை ஆராய வேண்டும் என்பது விதி. மென்பொருளை உருவாக்கியவர்கள் யார் என்று பார்த்தால், உலகம் பூராவும் இருக்கும் தன்னார்வலர்கள். அவர்களுக்கு இயக்ககத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் போனது. இதைக் கொடுப்பதன் மூலம் தாங்கள் எங்களிடம் எதிர்பார்ப்பது என்ன? அந்தமான் படகுத்துறையில் தங்களுக்கு ஏதேனும் வேலை ஆக வேண்டியுள்ளதா?

பதில் உடனே வந்தது. யாரோ ஒரு தன்னார்வலர் எழுதியிருந்தார். எதிர்பார்ப்பு ஒன்றுமில்லை, பயன்படுத்துங்கள், பிடித்திருந்தால் உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கும் கொடுங்கள்.

இந்தக் கடைசி வரி இயக்ககத்தைக் கலக்கிவிட்டது. ஒன்றும் எதிர்பார்க்காமல் கொடுக்கிறார்கள். வாங்கியவரைக் கொண்டு அடுத்தவருக்கும் கொடுக்கச் சொல்கிறார்கள். இது ஒரு வலைப்பின்னல் என்று பாதுகாப்புக் குழு முடிவுக்கு வந்தது. குழுவில் ஐந்து அதிகாரிகள். அவர்கள் கூடி ஆராய்ந்து, எந்த வீடியோவையும் ஓட்டும் ஒரு மென்பொருள் எந்த வீடியோவையும் ஓட்டிவிடக்கூடும் என்று கண்டுபிடித்தார்கள். ஆகையால் அனுமதி தருவதற்கு முன்னால், ஓட்டப்போகும் வீடியோவில் என்ன இருக்கிறது என்பது குழுவுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அதைத் தெரிந்துகொள்ளத்தானே மென்பொருள் கேட்கிறோம் என்றார் வைஜெயந்தி. அது உங்கள் தேவை, இது எங்கள் நிபந்தனை என்றார் குழுத் தலைவர்.

வேறு வழியில்லாமல், வீடியோவில் இருப்பது என்ன என்று குற்றம் சாட்டப்பட்டவரே உறுதிமொழி எழுதித் தரலாம் என்று சலுகை காட்டினார்கள். எழுதியதற்கும் வீடியோவுக்கும் பிறகு வேறுபாடு தெரிந்தால் பொய்யுறுதி என்று தனிக் குற்றம் சேரும்.

முத்துகிருஷ்ணன் அறையில் குழந்தைவேலுவின் முன் ஒரு வெள்ளைத் தாள் வைக்கப்பட்டது. பேனாவை அவன் கையில் கொடுத்தார்கள். கதவோரத்திலிருந்து உதயா சொன்னாள்:

"எழுதுங்க. நான் கயித்த விடல, பிடிச்சிக்கிட்டுதான் நிக்கிறேன்னு எழுதுங்க. அம்புட்டுத்தான."

அவன் எழுதவில்லை. பேனா நுனி தாளைத் தொட்டுக்கொண்டு நின்றது. நீலமாக ஒரு புள்ளி ஊறிப் பெரிதாயிற்று. வெளியே துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. அவன் நெற்றியில் வேர்வை துளிர்த்து மூக்குவழியே இறங்கியதை முத்துகிருஷ்ணன் பார்த்தார். உதயாவும் பார்த்தாள்.

"எனக்கு ஞாபகம் இல்லைங்க. தெரியாதத எப்படி எழுதுறது" என்றான்.

உதயா கதவோரத்திலிருந்து நகர்ந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். அன்று முதல் இயக்ககத்துக்குப் போய்த் தெளிவு கேட்பதை அவள் நிறுத்திவிட்டாள். மீன்காரி கேட்டபோது, பார்ப்போம் என்று மட்டும் சொன்னாள். குழந்தைவேலுவுக்கு, பழனிசாமியின் அறிக்கையைவிட அந்த ஒரு சொல் கடுமையாக இருந்தது.

*

கடைசி அமர்வுக்கு நாள் குறித்தார்கள். விசாரணையை மேலும் இழுத்தால் டைரக்டர் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வீடியோவைப் பார்க்க இயலவில்லை என்று பதிவுசெய்து, மேற்பார்வையாளர் அறிக்கையின்படி குற்றம் நிரூபணமானதாகக் கொண்டு, வேலைநீக்கத்துக்குப் பரிந்துரைக்கலாம் என்று வாய்மொழியாகச் சொல்லியாயிற்று. முத்துகிருஷ்ணன் முடிவுரையை முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார். தேதி மட்டும் போட வேண்டியிருந்தது.

அன்று காலை அவர்கள் போனபோது இயக்ககத்தின் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. மின்னணு வாரத்தை முன்னிட்டுச் செயலாளர் அம்மையார் வருகிறார். அவர் வந்தால் எதையாவது தொடங்கி வைக்க வேண்டும். தொடங்கி வைக்க இயக்ககத்தில் புதிதாக ஒன்றுமே இல்லை என்பது முதல்நாள்தான் டைரக்டருக்குத் தெரிந்தது. வைஜெயந்தி அவர் அறைக்குப் போய், நிறுவப்படாமல் ஒரு மென்பொருள் இருப்பதை நினைவூட்டினார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே முற்பகலில் முடிந்தன. கொள்முதல் பிரிவு, அன்பளிப்பு என்பதை நல்லெண்ணம் என்று மாற்றியது. பாதுகாப்புக் குழு நின்றுகொண்டே கூடியது. செயலாளரே தம் விரலால் விசையை அமுக்கப்போவதால், அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற சொல் அவர் முன்னிலையில் பொருத்தமற்றதல்ல என்று டைரக்டர் தம் கைப்படக் குறித்தார். விசாரணை அறையின் கணினியைத் தூக்கிக் கூட்ட அரங்கின் மேடையில் வைத்தார்கள். மவுஸுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள்.

அரங்கில் பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன. தாழ்வாரத்து பெஞ்சில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ எல்லோரையும் கூட்டிவரச் சொன்னார்கள். பென்ஷன் கேட்டு வந்த சின்னம்மா என்ற கிழவி, பத்துபஸ்தியிலிருந்து பார்சலைத் தேடி வந்த ஒருவர், குழந்தைவேலு, உதயா. நான்கு பேரும் பொதுமக்கள் என்று எழுதிய வரிசையில் உட்கார வைக்கப்பட்டார்கள்.

ரிப்பன் வெட்டப்பட்டது. வைஜெயந்தி கடவுச்சொல்லை அடித்து ஒதுங்கி நின்றார். செயலாளர் கடைசி விசையை அமுக்கினார். சுவர்த் திரையில் ஒரு பச்சைப் பட்டை தோன்றி, இடமிருந்து வலமாக நகரத் தொடங்கியது. கடலுக்கடியில் கேபிள் வந்த பிறகு தீவில் இணையம் வேகம்தான். இயக்ககத்துக்குள் நுழைந்ததும் அதற்கும் இயக்கக நடை வந்துவிடும். பட்டை பாதியில் நின்றது. டைரக்டர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த மென்பொருளை நிறுவ நாங்கள் எடுத்துக்கொண்ட உழைப்பு சாதாரணமானதல்ல. ஒரு பள்ளி மாணவன் இதை ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவான். ஏனென்றால் அவனுக்குப் பொறுப்பு கிடையாது. நாங்கள் பொறுப்போடு ஓராண்டு எடுத்துக்கொண்டோம்."

பட்டை நகர்ந்தது. நின்றது. குழந்தைவேலு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நிற்கும்போதெல்லாம் இப்படியே நின்றுவிடட்டும் என்று ஒரு மனது வேண்டியது. நகர்ந்தால் போதும், எதுவானாலும் தெரிந்துவிடட்டும் என்று இன்னொரு மனது துடித்தது. உதயா அவன் பக்கம் திரும்பவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

பட்டை முழுதும் பச்சையானது. கைத்தட்டல் எழுந்தது. ஏதாவது ஒரு படம் போட்டுக் காட்டுங்கள் என்றார் செயலாளர். டைரக்டர் வைஜெயந்தியைப் பார்த்தார். இந்தக் கணினியில் இருப்பது, பென்டிரைவில் உள்ள ஒரே ஒரு வீடியோதான் சார் என்றார் வைஜெயந்தி, முகத்தில் ஒன்றையும் காட்டாமல். அதையே போடுங்கள் என்று டைரக்டர் கையசைத்தார். பின்வரிசையில் முத்துகிருஷ்ணன் எழுந்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

சுவர் முழுக்க லாங் ஐலண்ட் ஜெட்டி வந்தது. சத்தம் இல்லை. மழை சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. படகு அலையில் ஏறி ஏறி இறங்கியது. மஞ்சள் மழைக்கோட்டில் ஒருவன் இரும்புக் கட்டையருகே குனிந்து, கயிற்றை இடுப்புக்கு இழுத்துப் பிடித்திருந்தான். பயணிகள் ஒவ்வொருவராகப் படகில் கால்வைத்தார்கள். கறுப்புக் குடையோடு முதியவர் வந்தார். ஒரு பெரிய அலை வந்தது. படகு உயர்ந்து, சரிந்து, விளிம்பை விட்டு ஒரு முழம் விலகியது. கயிறு விறைத்து நின்றது. முதியவரின் கால் காற்றில் பட்டது. குடை மட்டும் ஜெட்டியில் கிடந்தது.

மஞ்சள் கோட்டுக்காரன் திரும்பிப் பார்த்தான். கயிற்றை விட்டான்.

குழந்தைவேலு தன் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டான். விட்டுவிட்டேன். அப்படியென்றால் பழனிசாமி பொய் சொல்லவில்லை. சட்டென்று அவன் மணிக்கட்டை உதயா பிடித்தாள். நகம் பதிந்த வலியில் கண்ணைத் திறந்தான்.

திரையில் அவன் குப்புற விழுந்து கிடந்தான். இடுப்புக்கு மேல் உடம்பு ஜெட்டிக்கு வெளியே தொங்கியது. இரண்டு கையும் கீழே இருந்தன. விலகிய படகு அடுத்த அலையில் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவன் முதுகு ஒருமுறை, இருமுறை எக்கியது. முதியவரின் தலை தெரிந்தது, தோள் தெரிந்தது. படகின் பக்கவாட்டுப் பகுதி வந்து மோதும்போது முதியவரின் ஒரு கால் மட்டும்தான் ஜெட்டிக்கு வெளியே இருந்தது. மஞ்சள் கோட்டுக்காரனின் தலை இரும்புக் கட்டையில் அடித்தது. அதற்குப் பிறகு அவன் அசையவில்லை. ஆனால் முதியவரின் சட்டைக் காலரில் அவன் கை அப்படியே இருந்தது. ஓடிவந்த ஆட்கள், அது யாருடைய கை என்றுகூடப் பார்க்காமல், அந்த விரல்களைப் பிரித்தெடுத்தார்கள்.

படம் நின்றது. அரங்கம் கை தட்டியது.

"என்ன துல்லியம் பாருங்கள்," என்றார் டைரக்டர் மைக்கில். "மழைத்துளி தனித்தனியாகத் தெரிகிறது. ஒலி மட்டும் வரவில்லை. அதற்குத் தனியாக ஒரு குழு அமைக்கிறோம்."

பொதுமக்கள் வரிசையில் உதயா எழுந்து நின்றாள். பேச அனுமதி கேட்கவில்லை. சத்தமும் போடவில்லை. அவளுக்குத் தெரிந்த இந்தியையும் தமிழையும் சேர்த்துச் செயலாளரைப் பார்த்தே பேசினாள்.

"மேடம்ஜி, படம் அச்சா இருக்குங்க. அதுல விழுந்த மனுசனப் பாத்தீங்களா? அவரப் பிடிச்ச ஆளப் பாத்தீங்களா? அவரத்தான் இன்னிக்கு டிஸ்மிஸ் பண்ணப் போறாங்க. இதோ, இவருதான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தைவேலு எழுந்து நிற்பதா உட்கார்வதா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றான். டைரக்டர் இது வெறும் சோதனை வீடியோ என்றார். செயலாளர் அவரைப் பார்க்காமல், இன்னொரு முறை போடுங்கள் என்றார். இரண்டாம் முறை யாரும் துல்லியத்தைப் பற்றிப் பேசவில்லை. பென்ஷன் கேட்டு வந்த சின்னம்மா மட்டும், "மவராசன்" என்று முணுமுணுத்தாள்.

*

சாயங்காலத்துக்குள் முத்துகிருஷ்ணன் முடிவுரையைத் திருத்தி அடித்துவிட்டார். அவர் நேர்மையானவர், பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். லஸ்கர் கயிற்றை விட்டார் என்ற குற்றச்சாட்டு நிரூபணமாகிறது. பயணி விழுந்த பிறகே விட்டார் என்பதால், விட்டதன் காரணமாகப் பயணி விழுந்தார் என்பது நிரூபணமாகவில்லை. ஆகவே சஸ்பென்ஷன் ரத்து. பிடித்தம் செய்த சம்பளம் திருப்பித் தரப்படும். எனினும் வருங்காலத்தில் பயணிகளைக் காப்பாற்றும் பொருட்டுக் கயிற்றை விட நேர்ந்தால், மேற்பார்வையாளரின் முன் அனுமதி பெற வேண்டும் என்று எச்சரிக்கப்படுகிறார். மென்பொருளை நிறுவியதற்காகப் பாதுகாப்புக் குழுவுக்குப் பாராட்டுக் கடிதம் அதே நாளில், இதைவிடக் கனமான தாளில் போனது. வைஜெயந்தியின் பெயர் அதில் இல்லை.

உத்தரவை நீட்டும்போது முத்துகிருஷ்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஏன் எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை போலும். ஜன்னலைச் சாத்தப்போவது போல அந்தப் பக்கம் நடந்தார்.

டாலிகஞ்ச் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. கொஞ்ச தூரம் போன பிறகு குழந்தைவேலு தன் உள்ளங்கையை விரித்து அவளிடம் காட்டினான். காயம் ஆறி வெள்ளைக் கோடாக இருந்தது. கட்டைச் சிராய்ப்பு என்று சொன்னது பொய் என்றான். அந்த மென்பொருள் ஏறாமல் போன ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன் என்றான். நான்தான் அந்த ஆளைத் தண்ணியில் தள்ளிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்றும் சொன்னான்.

உதயா அந்தக் கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருமுறை தடவினாள். அன்றைக்குத் தாளில் எழுதாமல் உட்கார்ந்திருந்தபோது தானும் பயந்துபோனதாகச் சொன்னாள். நிறுத்தம் நெருங்கியதும் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கவலையோடு சொன்னாள்:

"செத்தாலும் விடமாட்டாருன்னு ஊரு பூரா சத்தியம் பண்ணி வெச்சிருக்கேன். இப்ப ஒவ்வொரு வீடா போயி, விட்டுட்டாருன்னு சொல்லணும்."